இது எந்த ஊர் கோச்சி?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணை எங்கள் பாடசாலைக் கண்காட்சியில் தரம் 9 பிள்ளைகள் ஒரு மாதிரி ரயில் செய்து வைத்திருந்தார்கள். ரெஜிபோமில் ஒரு மலை, பச்சைச் சாயம் போட்ட மரத்தூளில் புல், காட்போட்டில் வீடுகள். நடுவில் பற்றரியில் ஓடும் ஒரு விளையாட்டு ரயில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பார்க்க வந்த எல்லோரும் பாராட்டினார்கள்.

ஒரு பெரியவர் மட்டும் நீண்ட நேரம் குனிந்து பார்த்தபடி நின்றார். அவர் தலைமன்னாரில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, படகில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர்களில் ஒருவர். "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க மகன். இது எந்த ஊர் கோச்சி?" என்று கேட்டார். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆசிரியர்களான எங்களிடமும் பதில் இருக்கவில்லை.

அதன் பிறகுதான் இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். எந்த ஊர் என்ற அந்தக் கேள்விக்கு வந்து சேர, மாதிரி ரயில் செய்தவர்களுக்கே ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் எடுத்திருக்கின்றன.

தொடக்கம் ஜேர்மனியில். கோப்பிங்கன் என்ற ஊரில் 1859 இல் தொடங்கிய மார்க்லின் கம்பனி, முதலில் பொம்மை வீட்டுக்கான தகரச் சட்டி பானைகளைத்தான் செய்தது. 1891 இல் லைப்சிக் வர்த்தகச் சந்தையில் அவர்கள் ஒரு ரயிலை வைத்தார்கள். சாவி கொடுத்தால் ஓடும் எஞ்சின், அதற்கென்று தண்டவாளம். தண்டவாளத்தின் அகலத்தை அவர்கள் நிலையான அளவுகளாக வகுத்ததுதான் இதில் பெரிய விடயம். இன்று ஒரு பெட்டி வாங்கலாம், அடுத்த பெருநாளைக்கு இன்னும் இரண்டு அடித் தண்டவாளம் வாங்கிப் பூட்டலாம். இங்கிலாந்தில் மெக்கானோ செய்த பிராங்க் ஹோர்ன்பி 1920 இல் தன் ரயில்களைக் கொண்டுவந்தார். வீட்டு விறாந்தையில் விரித்து ஓட்டிவிட்டு, இரவானதும் பெட்டிக்குள் போட்டு மூடி வைக்கும் ரயில்கள் அவை. ஊரும் இல்லை, மலையும் இல்லை.

பிறகு ரயில் சிறிதாகியது. முன்பு பரவலாக இருந்த 'ஓ' அளவின் தண்டவாள அகலம் 32 மில்லிமீற்றர். அதில் பாதி என்பதால் அடுத்த அளவுக்கு 'ஹெச்ஓ' என்று பெயர் வந்தது. அகலம் 16.5 மில்லிமீற்றர், அளவுத்திட்டம் 1:87. பிரித்தானிய எஞ்சின்கள் நிஜத்திலேயே சிறியவை. அன்றைய மோட்டார் இந்த அளவு உடலுக்குள் அடங்கவில்லை. அதனால் தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு, உடலை மட்டும் ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர், அதாவது 1:76 ஆகப் பெருப்பித்தார்கள். 'ஓஓ' அளவு பிறந்தது இப்படித்தான். ஹோர்ன்பியின் ஓஓ ரயில் 1938 இல் கடைக்கு வந்தது. 1962 இல் ஜேர்மனியின் ஆர்னோல்ட் கம்பனி 9 மில்லிமீற்றர் தண்டவாளத்தைக் கொண்டுவந்தது. அதுதான் இன்றைய 'என்' அளவு.

ரயில் சிறிதானதும் மேசையில் இடம் மிஞ்சியது. அந்த இடத்தில் என்ன வைப்பது என்று யோசித்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் ஜோன் அஹெர்ன். 1930களின் பிற்பகுதியில் அவர் கட்டத் தொடங்கிய 'மேடர் வலி' என்ற அமைப்பில் ரயில் ஓர் ஊருக்காகவே ஓடியது. சந்தை, ஆலை, ஆறு, துறைமுகம் எல்லாம் இருந்தன. ஊர் கற்பனைதான், ஆனால் அதிலிருந்த கட்டடங்களில் பல, நாட்டின் வெவ்வேறு இடங்களில் உண்மையாக நின்றவை. கட்டடம் செய்வது எப்படி, நிலக்காட்சி அமைப்பது எப்படி என்று அவர் தனித்தனி நூல்களும் எழுதினார்.

அமெரிக்காவில் ஜோன் அலன் என்றொருவர் இருந்தார். தொழில் புகைப்படம். கலிபோர்னியாவின் மொன்ரரே நகரில், தன் வீட்டின் கீழ்த்தளத்தில் தரையிலிருந்து கூரை வரை மலைகளை எழுப்பினார். புதிதாக மினுங்கும் பெட்டிகளுக்குத் துருவும் புழுதியும் பூசி, வெயிலிலும் மழையிலும் பாவித்த தோற்றத்தைக் கொடுத்தார். இன்று உலகம் முழுவதும் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் செய்யும் 'பழசாக்கல்' வேலையில் அவருடைய கைக்குப் பெரும் பங்குண்டு. பெட்டிகளை இழுக்க எஞ்சினுக்குப் பதிலாக ஒரு டைனோசரையும் நிறுத்தியிருந்தார் என்று சொன்னபோது எங்கள் பிள்ளைகள் நம்பவில்லை. 1973 ஜனவரியில் அவர் காலமானார். சில நாட்களில் அந்த வீட்டில் தீப்பிடித்து, இருபது ஆண்டு உழைப்பில் பெரும்பகுதி எரிந்துபோனது. இன்று நமக்கு அது தெரிவதற்கு அவர் எடுத்து வைத்த படங்களே காரணம்.

ஆனால் பெரியவரின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்பவர் ரோய் இங்லண்ட். அவுஸ்திரேலியாவில் பிறந்து 1925 இல் இங்கிலாந்துக்கு வந்த இளைஞர். அங்கே 'வேல் ஒஃப் வைட் ஹோஸ்' என்ற பள்ளத்தாக்கில் வைக்கோல் வேய்ந்த பழைய வீடுகளைக் கண்டு மனதைப் பறிகொடுத்தார். அந்த வீடுகள் ஒவ்வொன்றாக மாறுவதையும் இடிபடுவதையும் அதே கண்ணால் பார்த்தார். தடுக்க அவரிடம் பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை. அளந்தார், படம் எடுத்தார், குறித்து வைத்தார். பிறகு கடதாசி மட்டையை வெட்டி, கல் கல்லாகக் கீறி, நீர்வர்ணம் பூசி, 1:76 அளவில் அந்த வீடுகளைத் திரும்பக் கட்டினார். ஒரு வீட்டுக்கே மாதக்கணக்கில், சிலதுக்கு வருடக்கணக்கில் வேலை போனது.

1954 இல் லோங் விற்றன்ஹாம் கிராமத்தில் இது பென்டன் அருங்காட்சியகமாக உருவெடுத்தது. அவர் அதைத் தன் தனிச் சொத்தாக வைத்துக்கொள்ளவில்லை. தொண்டர்களைச் சேர்த்தார், கைப்பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார், பொறுப்பையும் ஒப்படைத்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கடந்தும் வேலை தொடர்கிறது. அஹெர்னின் மேடர் வலியும் இன்று அங்கேதான் பாதுகாப்பாக இருக்கிறது. அலனும் இங்லண்டும் ஒரே அளவு திறமைசாலிகள். ஒருவருடையது அவருடைய வீட்டுக்குள்ளேயே இருந்தது. மற்றவருடையது பல பேரின் கைக்குப் போயிருந்தது.

இன்றைக்கு இந்த வேலை எங்கேயோ போய்விட்டது. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் பிரவுண் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2001 இல் திறந்த 'மினியற்றூர் வுண்டர்லாண்ட்' உலகிலேயே மிகப் பெரியது. அதில் 16 கிலோமீற்றருக்கு மேல் தண்டவாளம். சிறிது நேரத்துக்கு ஒரு தடவை அங்கே இரவு வந்து, ஊரெல்லாம் விளக்கு எரிகிறது. 2011 இல் விமானங்கள் எழும்பி இறங்கும் விமான நிலையமும் சேர்ந்தது. சாதாரண வீடுகளில் செய்பவர்களும் முன்னேறிவிட்டார்கள். நிலைமின்னேற்றத்தால் செயற்கைப் புல்லை நட்டுக்குத்தாக நிற்க வைக்கிறார்கள். முறுக்கிய கம்பியில் மரம் செய்கிறார்கள். கடையில் கிடைக்காத ஜன்னலை முப்பரிமாண அச்சில் எடுக்கிறார்கள். ஒரே தண்டவாளத்தில் பல எஞ்சின்களைத் தனித்தனியாக டிஜிட்டலில் ஓட்டுகிறார்கள்.

இவ்வளவு வசதி இல்லாவிட்டாலும் அளவுநாடாவும் கடதாசி மட்டையும் நம்மிடம் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தோம். நமது நாட்டின் அகலப் பாதை 5 அடி 6 அங்குலம். ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர் என்றால் தண்டவாள அகலம் எவ்வளவு? 22 மில்லிமீற்றர். கடையில் விற்கும் ஓஓ தண்டவாளமோ 16.5. அப்படியானால் நமது ரயிலை நாம் கையால்தான் செய்ய வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னாள். அது சரிதான். யாரும் பெட்டியில் போட்டு விற்காத ஊர் இது.

தலைமன்னார் பாதையின் கதை உங்களுக்குத் தெரியும். 1914 முதல் இறங்குதுறையில் ரயிலை விட்டிறங்கி, கப்பலேறி தனுஷ்கோடிக்குப் போனார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1990 இல் யுத்தம் நம் பக்கத்து ரயிலையும் நிறுத்தியது. வடக்கில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குப் போயின. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கும் ரயில் திரும்ப வந்தது. அல்ஹம்துலில்லாஹ், பாதை வந்துவிட்டது. பாதையோரம் இருந்த வீடுகள், கடைகள், கிணற்றடிகள் எப்படி இருந்தன என்பது இப்போது அறுபது வயதைத் தாண்டியவர்களின் மனதில் மட்டுமே இருக்கிறது. இங்லண்ட் அளந்தபோது வீடுகள் நின்றன. நாம் அளக்க வேண்டியது ஞாபகங்களை.

இந்தத் தவணை அந்தப் பெரியவரை வகுப்புக்கு அழைத்தோம். பிள்ளைகள் கரும்பலகையில் கோடு போட, அவர் திருத்தினார். "கிணறு அந்தப் பக்கம் இல்ல மகள், இந்தப் பக்கம். காலயில நிழல் சுவர்ல விழும்." மூன்று தடவை அழித்துக் கீறினார்கள். நாலாவது தடவை அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

இதுவரை நான்கு வீடுகள், ஒரு கடை, 22 மில்லிமீற்றரில் ஓரடித் தண்டவாளம் முடிந்திருக்கின்றன. ரயில் இன்னும் ஓடவில்லை. உறவுகளே, உங்கள் வீட்டு அலுமாரியில் 1990க்கு முந்திய ஒரு படம் இருந்தால், கல்யாணப் படமாக இருந்தாலும் பரவாயில்லை, பின்னால் தெரியும் சுவரும் ஜன்னலும் எங்களுக்குப் போதும். படத்தைத் தர வேண்டாம், ஃபோனில் எடுத்து அனுப்புங்கள். படமே இல்லாதவர்கள் உங்கள் மூத்தம்மாவை, மூத்தவாப்பாவை ஒரு பின்னேரம் பாடசாலைக்குக் கூட்டி வாருங்கள். கரும்பலகையும் சோக்கும் தயாராக இருக்கின்றன.