ஒரு நாற்காலியின் விலை என்ன?

விருத்தாசலம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பீங்கான். அந்த ஊரிலும் பக்கத்துக் கருவேப்பிலங்குறிச்சியிலும் பல வீடுகளில் பீங்கான் பொம்மை கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும். குழந்தை கையை நீட்டினால் "தொடாதே, உடைஞ்சிடும்" என்று குரல் வரும். அழகான, விலை உயர்ந்த பொருள் என்றால் பூட்டித்தான் வைக்க வேண்டுமா? அதை அன்றாடம் புழங்கக் கூடாதா? இதற்கு விடை வெகு தூரத்தில் இல்லை, புதுச்சேரியில் இருக்கிறது.

அங்கே அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதி ஒன்று உண்டு. பெயர் கோல்கொண்டா. ஐதராபாத் நிஜாம் அரசின் நிதி உதவியால் எழுந்ததால் அந்தப் பெயர். கட்டடத்தை வடிவமைத்தவர் செக் நாட்டில் பிறந்த அந்தோனின் ரேமண்ட். வேலையை மேற்பார்வையிட 1937-ல் அவர் அனுப்பியவர்தான் ஜார்ஜ் நகாஷிமா. ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். வந்த இடத்தில் மனம் ஒன்றிப் போய், சம்பளத்தையும் வேண்டாம் என்று சொல்லி ஆசிரமவாசி ஆனார். அரவிந்தர் அவருக்கு 'சுந்தரானந்தா' என்று பெயர் சூட்டினார். அறைகளுக்கான தேக்கு மரச் சாமான்களை வடிவமைத்தவரும் அவரே.

1939-ல் அவர் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். 1942-ல், போர்க்காலத்தில், ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. நகாஷிமாவும் மனைவி, கைக்குழந்தையோடு அடைபட்டார். அந்த முகாமில்தான் ஒரு ஜப்பானியத் தச்சரிடம் மரவேலையின் நுணுக்கங்களைக் கற்றார். மறு வருடம் அவர் வெளியே வர உதவியவர் அதே ரேமண்ட்! பிறகு பென்சில்வேனியாவில் பட்டறை போட்டு உலகப் புகழ் பெற்றார். 2006-ல் அவருடைய மேசை ஒன்று நியூயார்க் ஏலத்தில் 8 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது.

அப்படிப்பட்டவர் வடிவமைத்த சாமான்கள் கோல்கொண்டாவில் கயிறு கட்டிக் காட்சிக்கு வைக்கப்படவில்லை. ஆசிரமவாசிகள் அவற்றோடுதான் வாழ்கிறார்கள். பொருளை அக்கறையோடு கையாள்வதும் சாதனையின் ஒரு பகுதி என்பது அன்னையின் போதனை. அதனால் துடைப்பதும் பராமரிப்பதும் அங்கே அன்றாட வேலை.

இதற்கு நேர் எதிரான கதை சண்டிகரில் நடந்தது. அந்நகரின் அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் 1950-களில் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலிகளை வடிவமைத்தவர் பியர் ஜன்னரே, லெ கார்பூசியேயின் உறவினர். பழசாகிவிட்டது என்று அவற்றை மொட்டை மாடியில் குவித்தார்கள், கழிவுச் சரக்காக ஏலம் விட்டார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போய்ப் பழுது பார்த்து, பாரிசிலும் லண்டனிலும் லட்சக்கணக்கில் விற்றார்கள். மத்திய உள்துறை அமைச்சகம் விழித்துக்கொண்டு தடை போட்டது 2011-ல்தான். அதற்குள் ஏராளமானவை கடல் கடந்துவிட்டன.

கணக்குப்பதிவியலில் மேசை நாற்காலிக்கு ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுவோம். சில ஆண்டுகளில் ஏட்டில் அதன் மதிப்பு பூஜ்ஜியம் ஆகிவிடும். சண்டிகர் அந்த ஏட்டை நம்பியது. கோல்கொண்டா தினமும் துணியை எடுத்துத் துடைத்தது. இரண்டுமே தேக்கு, இரண்டிலுமே மனிதர்கள் தினமும் உட்கார்ந்தார்கள். ஒன்று குப்பைக்குப் போனது, இன்னொன்று எண்பது ஆண்டுகள் கடந்தும் வீட்டுப் பொருளாகவே இருக்கிறது.

பயன்படுத்துவதால் ஒரு பொருள் அழிந்துவிடுவதில்லை நண்பர்களே, கவனிக்காமல் விடுவதால்தான் அழிகிறது. அலமாரிப் பொம்மையை ஒரு நாள் வெளியே எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்து, துடைக்கவும் சொல்லிக் கொடுத்தால் என்ன?