மன்ஸூரின் வரிக்குதிரையும் டியூரரின் காண்டாமிருகமும்

ஓவியம் பயிலும் பிள்ளைகளின் முன் பெயர்பெற்ற விலங்குப் படமொன்றை வைத்து, அதைப் பார்த்து வரையச் செய்வது பழைய வழக்கம். அதனால் கண் பழகுகிறதா, கை மட்டுமே பழகுகிறதா என்பதுதான் கேள்வி.

ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெஷ்ட் டியூரர் 1515இல் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட காண்டாமிருகம் உலகப் புகழ் பெற்றது. அந்த விலங்கு நம் நாட்டிலிருந்து சென்றதாகும். குஜராத் சுல்தான் இரண்டாம் முஸஃப்பர் ஷா போர்த்துகீசிய ஆளுநர் அல்புகெர்க்குக்கு அளித்த அன்பளிப்பு அது. 1515 ஜனவரியில் கோவாவில் கப்பலேறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, மே 20இல் லிஸ்பன் சேர்ந்தது. பின்னர் போப்பாண்டவருக்கென அனுப்பப்பட்டபோது, 1516இன் தொடக்கத்தில் இத்தாலியக் கரையோரம் கப்பல் மூழ்கி அதுவும் மாண்டது. டியூரர் அதைக் கண்டதேயில்லை. லிஸ்பனிலிருந்து வந்த ஒரு கடிதத்தையும் கோட்டுப் படத்தையும் நம்பியே வரைந்தார். எனவே தோலின் மடிப்புகள் போர்க்கவசத் தகடுகளாயின. தோளின் மேல் இல்லாத சிறு கொம்பொன்றும் முளைத்தது. அந்தப் பொய்க் கொம்பை இயற்கை நூலாசிரியர்கள் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் படியெடுத்து வந்தனர். 1741இல் வங்காளத்திலிருந்து சென்ற கிளாரா என்னும் காண்டாமிருகம் ஐரோப்பாவில் ஊர் ஊராகக் காட்டப்பட்ட பின்னரே அது மெல்ல மறைந்தது. டியூரரின் சமகாலத்தவரான பாபரோ, இதே விலங்கை நேரில் கண்டவராய், மூக்கின் மேல் ஒரே கொம்புடன் தம் நினைவுக் குறிப்புகளில் வர்ணித்திருக்கிறார்.

முகலாய ஓவியக்கூடத்திலும் படியெடுத்தலே தொடக்கப் பாடம். ஒளி ஊடுருவும் மெல்லிய மான்தோலை மூலப் படத்தின் மேல் விரித்துக் கோடுகளை எடுப்பர். இதனைச் ‘சர்பா’ என்பர். ஆனால் பயிற்சி அதோடு நின்றுவிடவில்லை. அக்பர் காலத்துப் பாபர்நாமாப் பிரதியொன்றில் விலங்குகளை வரைந்தவர்களுள் ஒருவரான உஸ்தாத் மன்ஸூர், ஜஹாங்கீர் காலத்தில் ‘நாதிருல் அஸ்ர்’ என்னும் பட்டம் பெற்றார். அபிசீனியாவிலிருந்து வந்த வரிக்குதிரையை அவர் ஹிஜ்ரி 1030இல், அதாவது 1621இல், வரைந்தார். இன்று அப்படம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஓரத்தில் ஜஹாங்கீரே குறிப்பு எழுதியுள்ளார். வர்ணம் பூசிய விலங்கோ என்று அரசவையில் ஐயம் எழுந்ததாகவும், நுணுகி ஆராய்ந்த பின்னரே அது இறைவன் படைத்த நிறமெனத் தெளிந்ததாகவும் அவரது நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. மன்ஸூரின் ஓவியமும் அந்த ஆராய்ச்சியைப் போன்றதே. ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்பதை அது விடாமல் காட்டுகிறது. (உருவப்படம் குறித்த மார்க்க அறிஞர்களின் கருத்து வேறுபாடு தனியே ஆராயத்தக்கது, இங்கே அதனுள் நுழையவில்லை.)

சென்னையில் 1850இல் மருத்துவர் அலெக்ஸாண்டர் ஹண்டர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். பெரியமேட்டிலுள்ள இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி அதன் வழிவந்ததே. அக்காலத்து ஆங்கிலேயப் பாடத்திட்டத்தில் தட்டைப் படங்களைப் படியெடுப்பது முதலில், சுதைவார்ப்புகள் அடுத்து, உயிருள்ளவை மிகவும் பிந்தியே. வரிசையில் பிழையில்லை. முதற்படியிலேயே ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைத்ததுதான் பிழை என்பது என் கருத்து.

அக்கல்லூரிக்குச் சில கிலோமீட்டர் வடக்கே இராயபுரமும், அதையடுத்துத் திருவொற்றியூரும் எண்ணூரும் உள்ளன. துறைமுகமும் ஆலைகளும் சூழ்ந்த அப்பகுதிப் பிள்ளைகளுக்கு வரிக்குதிரை கிட்டாது. மன்ஸூரின் படத்தின் அச்சுப் பிரதி கிட்டும். அதை ஒருமுறை படியெடுத்த பின், ஆசிரியர் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஒரு முழு வஞ்சிரத்தை வாங்கி வந்து மேசைமேல் வைக்கலாம். அதற்கும் உடலெங்கும் குறுக்கு வரிகளுண்டு. வரிக்குதிரையின் வரிகளைப் பின்தொடர்ந்த பிள்ளை, வஞ்சிரத்தின் வரிகள் அடிவயிற்றை நெருங்குகையில் சில இடங்களில் அறுந்து புள்ளிகளாவதைத் தானே கண்டுபிடிக்கும்.