தோல் தந்த கல்வியும் பாலாறும்

1856இல் இராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியே வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய இரயில், வடஆர்க்காட்டுத் தோல் வணிகருக்குச் சென்னையை அருகாக்கிற்று. அவர்கள் ஈட்டிய பொருள் கல்விக்கும் பாய்ந்தது: 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1965இல் மேல்விஷாரத்தில், தோல் வணிக வள்ளல் சி. அப்துல் ஹக்கீம் சாகிபின் பெயரால் மற்றொன்று.

அக்கொடையை நன்றியோடு நினைக்கும் நாம் பாலாற்றை மறப்பது முறையன்று. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழ்பட்டதென 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்சநீதிமன்றம் குறித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டுமென்றும் விதித்தது.

கல்லூரி வளாகத்தில் மரம் நடுவது நன்றே. ஆயினும் ஒளூச் செய்கையிலும் நீரை விரயமாக்கலாகாது என்னும் மார்க்கத்தார் நாம். நம் மாணவர் வேதியியல் கூடத்தில் ஊர்க்கிணற்று நீரைச் சோதித்து, முடிவைத் தம் கல்லூரி நிர்வாகக் குழுவின்முன் வைக்கட்டும். அக்குழுவில் தோல் வணிகர் இருப்பின் அவர்களும் கேட்கட்டும்.