மின்னேடுகளும் பாஞ்சாலங்குறிச்சியும்

ஓர் ஊரின் வரலாற்றை எழுத முனைந்தோர்க்கு நெடுங்காலம் தடையாய் இருந்தது சான்றுகளின் தொலைவே ஆகும். திருநெல்வேலிச் சீமையைப் பற்றிய பழைய நூலைக் காணச் சென்னைக்குச் செல்ல வேண்டும். சென்னையில் கிட்டாதது இலண்டனில் இருக்கும். ஆய்வுப் பட்டமோ பரிந்துரைக் கடிதமோ இல்லாத ஊர்ப்புறப் புலவர்க்கு அவ்வாயில்கள் எளிதில் திறந்ததில்லை.

இன்று அந்நிலை பெரிதும் மாறியுள்ளது. 1996இல் தோன்றிய இணைய ஆவணக் காப்பகம், 1998இல் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், 2005 முதல் ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் காத்துவரும் நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவை பழைய நூல்களைக் கட்டணமின்றி வழங்குகின்றன. இவ்வளத்தை வட்டார வரலாற்றுக்கு எங்ஙனம் பயன்கொள்வது? 1801ஆம் ஆண்டுப் பாஞ்சாலங்குறிச்சிப் போரை மட்டும் சான்றாகக் கொண்டு ஆராய்வோம்.

பகைவர் எழுதிய பக்கங்கள்

1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். அவன் கோட்டையும் இடிக்கப்பட்டது. 1801 பிப்ரவரியில் அவன் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பினான். இடிந்த கோட்டை சில நாள்களிலேயே மீண்டும் எழுந்தது. மார்ச்சு 31இல் கும்பினிப் படை நடத்திய தாக்குதல் தோற்றது. மே 24இல் கோட்டை வீழ்ந்தது.

இப்போரைப் பற்றி அறிய இரு நூல்கள் இன்றியமையாதவை. ஒன்று, கால்டுவெல் எழுதி 1881இல் வெளிவந்த திருநெல்வேலி வரலாறு. மற்றொன்று, அப்போரில் கும்பினிப் படையில் பணியாற்றிய ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட போர் நினைவுக் குறிப்புகள். முன்னது அரசுப் பதிவேடுகளைத் துணைக்கொண்டு எழுதப்பெற்றது. பின்னது களத்தில் நின்றவனின் கூற்று. இவ்விரண்டையும் இன்று எவரும் தம் இல்லத்திலிருந்தே படிக்கலாம்.

வெல்ஷ் நம் பகைவன். எனினும் கல்நெஞ்சன் அல்லன். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்பித்தவர் சிவகங்கைச் சின்னமருது என்று நன்றியோடு எழுதுகிறான். அதே மருதுவைப் பின்னர் விலங்கைப்போல் வேட்டையாட நேர்ந்ததையும், அவர்தம் உறவினரோடு தூக்கில் தொங்கக் கண்டதையும் துயரத்தோடு பதிவு செய்கிறான். வென்றவன் கணக்கில் தோற்றவர்க்கு இவ்வளவு இடம் கிடைத்தல் அரிது.

பெயர் எழுதப்பெறாத தாய்

வெல்ஷின் நூலில் மற்றொரு செய்தி நம் உள்ளத்தை ஈர்க்கிறது. கோட்டை வீழ்ந்தபின், களத்தில் தன் மகனைத் தேடிச் சென்ற தாய் ஒருத்தி அவனைக் குற்றுயிராய்க் காண்கிறாள். தன்னை விட்டுவிட்டு, அருகே காயமுற்றுக் கிடக்கும் ஊமைத்துரையைக் காக்குமாறு அவன் வேண்டுகிறான். அவளும் அவ்வாறே ஊமைத்துரையைத் தன் ஊருக்குக் கொண்டுசெல்கிறாள். எட்டயபுரத்து வீரர் தேடிவருகின்றனர். உடனே பெண்கள் ஊமைத்துரையின்மீது துணியைப் போர்த்தி, வைசூரியால் இறந்தான் எனக் கூறி ஒப்பாரி வைக்கின்றனர். நோய்க்கு அஞ்சி வந்தவர் ஓடுகின்றனர்.

இதனை வெல்ஷ் நேரிற் கண்டிருத்தல் இயலாது. பின்னர் மக்கள் வாய்மொழியாக அவன் செவிக்கு எட்டியிருத்தல் வேண்டும். ஆகவே ஆங்கிலப் படைத்தலைவன் நூலுள் தமிழகத்துச் சிற்றூர்ப் பெண்டிரின் கதை ஒன்று பொதிந்து கிடக்கிறது. கோட்டைச் சுவர் காக்க இயலாத தலைவனை ஓர் ஒப்பாரி காத்தது. போரிட்ட தளபதிகளின் பெயர்களையெல்லாம் எழுதிய நூல், அத்தாயின் பெயரை எழுதவில்லை. அவள் ஊரின் பெயரேனும் வாய்மொழி மரபில் எஞ்சியுள்ளதா என்று தேடுவதே வட்டார வரலாற்றாசிரியரின் கடமையாகும். நா. வானமாமலை முதலிய அறிஞர் பதிப்பித்த கதைப்பாடல்களோடு இந்நூல்களை ஒப்பிட்டுக் கற்றால் ஒன்றன் மௌனத்தை மற்றொன்று பேசக் காணலாம்.

தேடும் முறை

மின்னூல்களைத் தேடுவோர் சில நுட்பங்களை அறிதல் நலம். ஆங்கில ஏடுகளில் திருநெல்வேலி ‘தின்னவெலி’ என்றும், பாளையக்காரர் ‘பொலிகார்’ என்றும் உருமாறி நிற்பர். பாஞ்சாலங்குறிச்சியோ நூலுக்கு நூல் வேறுவேறு எழுத்துக்கூட்டலில் வரும். ஒரு வடிவத்தில் தேடிக் கிட்டவில்லை எனில் செய்தியே இல்லை என முடிவுகட்டலாகாது. பழந்தமிழ் அச்சைக் கணிப்பொறி பிழைபடப் படிப்பதும் உண்டு; பக்கத்தின் படத்தைக் கண்ணாற் கண்டே மேற்கோள் காட்டுதல் வேண்டும்.

காலக் கணக்கிலும் விழிப்புத் தேவை. நில ஆவணங்களில் வரும் பசலி ஆண்டோடு 590ஐக் கூட்டினால் அப்பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1211 என்பது 1801 சூலையில் தொடங்குவது. நெல்லைப் பகுதியில் வழங்கிய கொல்லம் ஆண்டோடு, ஆவணியில் அது பிறந்தது முதல் ஆங்கில ஆண்டு முடியும் வரை 824ஐயும், சனவரி முதல் 825ஐயும் கூட்டுதல் வேண்டும்.

எரிந்தனவும் எஞ்சியனவும்

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. படியெடுக்கப்பெறாமல் ஒரே பிரதியாய் இருந்தவை மீளவே இல்லை. தீயினும் மெதுவாக, ஆனால் அதே உறுதியோடு, கரையானும் ஈரமும் நம் இல்லங்களில் அத்தொழிலைச் செய்துவருகின்றன. பாகப்பிரிவினைப் பத்திரங்கள், கோயில் வரவுசெலவுக் குறிப்புகள், திருமண வாழ்த்து மடல்கள், ஊர்த் திருவிழா அறிக்கைகள், கும்மிப் பாட்டுச் சிறுநூல்கள் முதலியவற்றை எந்த அரசு நூலகமும் நம்மினும் முன்னதாக வந்து மீட்கப்போவதில்லை.

தனியொருவரால் என்ன இயலும் என்பார்க்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா விடையாவார். விளம்பரப் பலகை எழுதும் தொழிலர் அவர். பிறர் கழித்த சிறுநூல்களையும் அறிக்கைகளையும் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாய் மலர்ந்தது.

நம் வட்டம் பத்தாண்டுகள் கவிதை வளர்த்தது. அடுத்த பத்தாண்டில் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊரைப் பற்றிய பழைய நூல் ஒன்றைக் கற்று அரங்கேற்றுக; தம் இல்லத்துப் பழந்தாள் ஒன்றைப் படியெடுத்துப் பொதுவில் வைத்திடுக. முதியோர் வாய்மொழியைக் காலமும் இடமும் குறித்து எழுதுக. ஒப்பாரியின் பொருள் அறிந்தவர் கவிஞர். ஆவணத்தின் ஓரத்தில் பெயரின்றி நிற்போரை அடையாளம் காணும் கண்ணும் அவர்க்கே மிகுதி. அத்தாயின் பெயரைக் கண்டெழுதும் கை இவ்வட்டத்தைச் சேர்ந்ததாகுக.