லிமாவிலிருந்து ஒரு பதில் கடிதம்

கடித இலக்கியம் என்றால் மு.வ.வும் ரசிகமணியும் நினைவுக்கு வரும் வகுப்பறையிலிருந்து வருகிறவன் நான். ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு நிறுவனத்தின் மேலாளருக்கு எழுதிய கடிதத்தை அந்த வரிசையில் வைக்க நேரும் என்று எண்ணியதில்லை. 2002 ஏப்ரல் 8 என்று தேதியிட்ட அக்கடிதத்தை எழுதியவர் பெரு நாட்டின் எட்கர் வில்லனுவேவா. பெற்றவர் மைக்ரோசாஃப்டின் பெரு கிளைத் தலைவர்.

அரசு அலுவலகங்கள் கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்னும் 1609ஆம் எண் மசோதாவை வில்லனுவேவா கொண்டுவந்திருந்தார். அது சமத்துவத்துக்கும் போட்டிக்கும் எதிரானது, செலவைக் கூட்டுவது, உள்நாட்டுத் தொழிலைக் கெடுப்பது என்று மார்ச் 21 அன்று நிறுவனம் எழுதியது. அவர் அக்குற்றச்சாட்டுகளை எடுத்துக்கொண்டு, உரையாசிரியர்கள் பிறர் உரையை மறுக்கும் முறையிலேயே, ஒவ்வொன்றாக மறுத்தார். யாரிடம் வாங்க வேண்டும் என்று மசோதா சொல்லவில்லை. எந்த நிபந்தனையில் வாங்க வேண்டும் என்றே சொல்கிறது. அந்த நிபந்தனையை ஏற்றால் மைக்ரோசாஃப்டும் விற்கலாம்.

இங்கே மொழி அவருக்குத் துணை நின்றது. ஆங்கிலத்தில் விடுதலைக்கும் விலையின்மைக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல். ஸ்பானிய மொழியில் 'லிப்ரே' வேறு, 'கிராட்டிஸ்' வேறு. (நாமும் கட்டற்றது, இலவசம் என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. ஆனாலும் கூட்டங்களில் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.) மசோதாவின் நோக்கம் பணத்தை மிச்சப்படுத்துவது அன்று என்பதை அவரால் எளிதாக விளக்க முடிந்தது.

நோக்கங்கள் மூன்று: பொதுத் தகவலைக் குடிமக்கள் தடையின்றி அடைவது, அத்தகவல் நிலைத்திருப்பது, அரசும் மக்களும் பாதுகாப்பாக இருப்பது. மூல நிரலைத் திறந்து பார்க்க இயலாத கருவி யாருக்கு என்ன அனுப்புகிறது என்று எப்படி அறிவது என்பது மூன்றாவதன் சாரம். என்னை நிறுத்திவைத்தது இரண்டாவதுதான். தொண்ணூறுகளில் ஏதோ ஒரு எழுத்துருவில் தட்டச்சு செய்த என் ஆய்வுக் குறிப்புகள் ஒரு நெகிழ்வட்டில் இருந்தன. பின்னாளில் திறந்தபோது கிறுக்கல்களே தெரிந்தன. ஓலைச்சுவடியைச் செல்லரித்தால் பிழைத்த எழுத்தையாவது படிக்கலாம். இங்கே எழுத்து முழுமையாக இருக்கிறது, திறவுகோல்தான் இல்லை. தமிழ்நாட்டரசு 1999இல் டாம், டாப் குறியேற்றங்களை ஏற்றது. 2010இல் ஒருங்குறியையும் டேஸ்-16ஐயும் தரமாக்கியது. இடையில் ஆளுக்கொரு குறியேற்றத்தில் எழுதப்பட்டவை எத்தனை! தனி மனிதன் குறிப்பை இழந்தால் அவனுக்கு மட்டும் நட்டம். நிலப் பதிவேடு அப்படி ஆனால்?

மென்பொருள் உரிமக் கட்டணம் மொத்தச் செலவில் 8 விழுக்காடே என்று நிறுவனம் வாதிட்டிருந்தது. வில்லனுவேவா வேலைவாய்ப்பின் பக்கம் நின்று பேசினார். மூடிய மென்பொருளைப் பராமரிக்கும் உள்ளூர்த் தொழில்நுட்பர் ஒரு பிழையைக் கண்டாலும் திருத்த முடியாது. திறமைக் குறைவால் அன்று. நிரல் அவர் கையில் இல்லாததால். கடிதத்தின் மிக வலுவான இடம் இதுவென்பேன். சட்டத்தால் கட்டாயப்படுத்துவது சரியான வழிதானா என்பதில் மட்டும் எனக்கு இன்றும் தயக்கம் உண்டு.

கடிதம் சில வாரங்களிலேயே ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு இணையத்தில் பரவியது. அதே ஆண்டு ஜூலையில் பெருவின் அதிபர் அலெஹாந்த்ரோ டொலேடோ சியாட்டிலுக்குச் சென்றார். பில் கேட்ஸ் 5,50,000 டாலர் நன்கொடை அறிவித்தார். லிமாவிலிருந்த அமெரிக்கத் தூதரும் மசோதாவைப் பற்றிக் கவலை தெரிவித்து நாடாளுமன்றத் தலைவருக்கு எழுதினார். அவருக்கும் கடிதம்தான் கைகொடுத்தது.

2005இல் 28612ஆம் எண் சட்டம் நிறைவேறியது. அதில் கட்டாயம் இல்லை. மென்பொருள் வாங்குமுன் அலுவலகங்கள் தொழில்நுட்ப மதிப்பீடு செய்ய வேண்டும், எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்ற அளவில் அது நின்றுவிட்டது.