பாதிரியார் கொண்டுவந்தது எந்தக் கொடி?

பனமலைக் குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாலகிரீஸ்வரர் கோயிலையும், அங்கே எஞ்சியிருக்கும் பார்வதி ஓவியத்தையும் சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் கோயிலைப் பற்றி நூறாண்டுகளுக்கு முன்பே எழுதியவர், புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரேய். இந்த வாரக் கதையும் அவரிடமிருந்தே தொடங்குகிறது. 1937இல் அரிக்கமேட்டுச் சிறுவர்களிடம் அவர் வாங்கிய பழம்பொருள்களுக்கு நடுவே ஒரு செதுக்குக் கல் இருந்தது. அதிலிருந்த முகம் ரோமப் பேரரசர் அகஸ்டஸுடையது என்று கண்டுகொண்டார். எட்டு ஆண்டுகள் கழித்துத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார்.

அரிக்கமேடு நமக்கு அந்நியமான ஊர் இல்லை. செஞ்சி மலைகளில் பிறக்கும் சங்கராபரணி கிழக்கே இறங்கிப் புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. அதன் கிளையான அரியாங்குப்பம் ஆற்றின் கரையில்தான் அந்த மேடு இருக்கிறது.

அங்கே கிடைத்தவற்றில் என்னை அதிகம் நிறுத்திவைப்பவை மண்சாடி ஓடுகள். இரண்டு காது, நீண்ட கழுத்து, கூரான அடிப்பாகம். தரையில் நிற்காத இந்தச் சாடிகளைக் கப்பலின் அடித்தளத்தில் ஒன்றையொன்று தாங்கும்படி அடுக்கினார்கள். ஆம்போரா என்பது இவற்றின் பெயர். உடைந்த ஓட்டின் உட்புறத்தில் கறுத்த பிசின் ஒட்டியிருக்கும். ஒயின் கசியாமலிருக்கப் பூசியது. மத்தியதரைக் கடலின் கோஸ் தீவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஒயின் இங்கே வந்ததை இந்த ஓடுகள் சொல்கின்றன. யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தித் தரப் பாண்டியன் நன்மாறன் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் பாடியிருக்கிறார்.

அப்போது கடல் கடந்து வந்தது பானம் மட்டும்தான். திராட்சைக் கொடி வந்த கதை வெகு காலம் பிந்தியது. அந்தக் கதையில்தான் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

செஞ்சிக் கடைவீதியில் நாம் வாங்கும் பன்னீர் திராட்சையின் பெரிய விளைநிலம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. தமிழ்நாட்டின் திராட்சைப் பரப்பில் பெரும்பகுதி இந்த ஒரே ரகம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்போது நாளிதழ்களில் ஒரு வரி இடம்பெற்றது: 1832ஆம் ஆண்டு ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தத் திராட்சையைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார்.

பாதிரியார் திராட்சை கொண்டுவந்தார் என்பதை நம்புவதில் சிரமமே இல்லை. கத்தோலிக்கத் திருப்பலிக்கு ஒயின் வேண்டும். அது திராட்சையின் இயற்கையான ரசமாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். கப்பல் தாமதமானாலும், வந்த ஒயின் புளித்துப்போனாலும் பூசை நடக்காது. வீட்டுக்கு அருகே ஒரு பந்தல் போட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அவர் யாராக இருந்திருப்பார் என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம். மதுரைப் பக்கத்துக்கு இயேசு சபையினர் திரும்பி வந்தது 1838 வாக்கில்தான். ஆகவே 1832இல் தமிழ்நாட்டில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் என்றால், 1776 முதல் புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்டு பணியாற்றிய பாரிஸ் அந்நிய வேதபோதகச் சபையைச் சேர்ந்தவராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆனால் அவர் கொண்டுவந்தது எந்தக் கொடி?

பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷயரில், ரெஸ்ட் பார்க் மாளிகையின் தோட்டக்காரர் ஸீவர்ட் ஸ்னோ 1850 வாக்கில் கண்ணாடி வீட்டில் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கிய ரகம் என்று திராட்சை நூல்கள் பதிவு செய்கின்றன. பெற்றோர் பிளாக் ஹாம்பர்க், மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியா என்பதை 2003இல் வெளியான மரபணு ஆய்வும் உறுதிப்படுத்தியது. முன்னது கறுப்புப் பழம். லண்டனை ஒட்டிய ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நட்ட அதன் கொடி ஒன்று இன்றும் காய்க்கிறது. பின்னது வெள்ளைப் பழம், மிகப் பழைய மத்தியதரைக் கடல் ரகம். நிறத்தை ஒருவரிடமிருந்தும் மணத்தை மற்றவரிடமிருந்தும் பெற்ற பிள்ளை நம் பன்னீர் திராட்சை.

1850இல் பிறந்த ரகம் 1832இல் தமிழகத்துக்கு வந்திருக்க முடியாது. மரபணு பெற்றோரைக் காட்டும், பிறந்த ஆண்டைக் காட்டாது. ஸ்னோவின் கதையில் தேதி தவறியிருக்கவும் கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் என் முடிவு இது: பாதிரியார் நட்டது வேறொரு திராட்சை. அவர் போட்ட பந்தலில் பிற்காலத்தில் மஸ்கட் ஹாம்பர்க் ஏறியது. இரண்டு வருகைகளை ஊர் நினைவு ஒன்றாக்கிவிட்டது.

வந்த கொடியை வாழவைத்தது கம்பத்து விவசாயி. குளிர்நாட்டில் திராட்சை இலையுதிர்த்து உறங்கி, ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கும். இங்கே குளிர்காலமே கிடையாது. அதனால் கவாத்துக் கத்திதான் கொடிக்குப் பருவத்தைக் காட்டுகிறது. சில கணுக்களை மட்டும் விட்டுக் கிளையை வெட்டி, மிச்ச இலைகளையும் உருவிவிடுவார்கள். இரண்டு வாரத்துக்குள் தளிர், பிறகு பூ, நான்கு மாதத்தில் அறுவடை. ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது அடுத்த தோட்டத்தில் பழம் கறுத்திருக்கும். இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடை வரை எடுக்கிறார்கள். ஆண்டு முழுக்கப் பழம் கிடைப்பது இதனால்தான். சுருளிப்பட்டியிலும் ராயப்பன்பட்டியிலும் முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் இது தலைமுறைகளாக நடக்கிறது. பூக்கும் நேரத்தில் மழை பிடித்தால் அடிச்சாம்பல் நோய், பழுக்கும் நேரத்தில் பிடித்தால் பழவெடிப்பு. தோல் மெல்லியது, விதை உண்டு, நாள்பட வைக்க முடியாது. விலை சரிந்தால் பறிகூலிக்கும் கட்டாது என்று பழத்தைக் கொடியிலேயே விட்டுவிடுகிறார்கள். இவ்வளவு உழைப்புக்கு இந்த முடிவு வருவதை என்னால் சாதாரணமாக எழுத முடியவில்லை.

இதே பழம் மற்ற நாடுகளில் ஒயினாகிறது. ரோஜாவிலும் இருக்கும் ஜெரானியால் என்ற மணப்பொருள் இதன் தோலில் உண்டு, கூடவே லினலூலும். இந்த மணம் ஒயினிலும் தங்கும். நிறமும் துவர்ப்பும் குறைவு என்பதால் இதிலிருந்து கனத்த சிவப்பு ஒயின் வராது. வெளிர்சிவப்பில் இனிப்பு ஒயினாகச் செய்தால்தான் பழத்தின் குணம் தெரியும். கலிபோர்னியாவில் இதை பிளாக் மஸ்கட் என்று அழைத்து, விருந்தின் முடிவில் அருந்தும் இனிப்பு ஒயின் செய்கிறார்கள். கிரேக்கத்தின் திர்னாவோஸ் வட்டாரத்தில் ஒயினோடு சிபுரோ என்ற வடிசாராயமும் இதிலிருந்து வருகிறது. சீனாவின் தியான்ஜினில் 1980இல் பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய ஆலை, இந்தக் கறுப்புப் பழத்தின் சாற்றை மட்டும் பிழிந்து வெள்ளை ஒயின் செய்தது.

தமிழ்நாட்டில் இந்தத் தொழில் வேர்பிடிக்காததற்குக் காரணம் மண் அல்ல. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுக்கப் பரவியது; 1971இல் தளர்ந்து, சில ஆண்டுகளில் மீண்டும் வந்தது. அப்படியொரு சூழலில் பல ஆண்டு பொறுத்து லாபம் பார்க்கும் ஒயின் தொழிலில் யார் பணம் போடுவார்கள்? மகாராஷ்டிரம் 2001இல் திராட்சைப் பதப்படுத்தலுக்கென்றே கொள்கை வகுத்தது, நாசிக் வளர்ந்தது. நம் ஊரில் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸை முன்னிட்டுப் பன்னீர் திராட்சையைக் கையால் மசித்து, சர்க்கரையும் பட்டை கிராம்பும் சேர்த்து, பீங்கான் ஜாடியின் வாயைத் துணியால் கட்டிவைப்பதோடு அந்தக் கலை நின்றுவிட்டது.

தேதி வழக்குக்குத் தீர்ப்பு தேட வழி இருக்கிறது. அந்நிய வேதபோதகச் சபையினர் தங்கள் பணித்தளங்களிலிருந்து எழுதிய கடிதங்கள் பாரிஸின் ரூ து பாக் தெருவிலுள்ள தலைமையகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. 1832க்கும் 1870க்கும் இடையே புதுச்சேரியிலிருந்து போனவற்றில் தோட்டம், கொடி, பூசை ஒயின் பற்றிய வரிகளைப் பிரெஞ்சு தெரிந்த ஓர் ஆய்வு மாணவர் தேட வேண்டும். கம்பத்தில் பழைய பந்தல்கள் எஞ்சியிருந்தால், அவற்றின் இலைகளை ஆனைமலையன்பட்டித் திராட்சை ஆராய்ச்சி நிலையத்தார் மரபணுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். பன்னீர் திராட்சையிலிருந்து வேறுபட்ட ஒரு பழங்கொடி அங்கே தென்பட்டால், பாதிரியார் நட்ட ரகமாக இருக்கக்கூடிய முதல் சாட்சி அதுதான்.