கூத்தூரா, கோட்டூரா, காட்டூரா?

ரெயூனியன் தீவில் இருக்கும் என் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கிவிட்டு ஊர் திரும்பும் வழியில் நடந்தது இது. மொரீஷியஸில் விமானம் மாற வேண்டும். அடுத்த விமானத்துக்கு ஏழு மணி நேரம் இருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வலித்தது. வெளியே வந்து ஒரு வாடகைக் கார்க்காரரிடம், பக்கத்தில் பார்க்க ஏதாவது உண்டா என்று பிரெஞ்சில் கேட்டேன்.

"வியே கிரான் போர் போகலாம், முசே. கடலோரக் கிராமம்" என்றார்.

பழைய பெரிய துறைமுகம் என்று அர்த்தம். காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். கிரான் போர் என்ற பெயரைக் கேட்டதும் வகுப்பறை ஞாபகம் வந்துவிட்டது. தமிழில் போர் என்றால் சண்டை. அங்கே நடந்ததும் சண்டைதான்.

1810 ஆகஸ்டில் அந்தக் குடாவில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மோதினார்கள். ஆங்கிலேயருடைய நான்கு போர்க்கப்பல்களும் போயின. இரண்டு தரைதட்டி நின்றதால் அவர்களே கொளுத்திவிட்டார்கள். மற்ற இரண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. பாரிஸ் வெற்றி வளைவில் இந்த ஊர்ப் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். ஆனால் நான்கே மாதத்தில், டிசம்பரில், தீவே ஆங்கிலேயரிடம் போய்விட்டது. அதைப் பிடிக்க வந்த படையில் சென்னை ராஜதானிச் சிப்பாய்களும் இருந்தார்கள்.

போகிற வழியில் மாயேபூர் என்ற ஊரில் ஒரு பழைய மாளிகையைக் காட்டினார். இப்போது அருங்காட்சியகம். காயம்பட்ட பிரெஞ்சுத் தளபதி துய்பெரேயும் ஆங்கிலத் தளபதி வில்லோபியும் அந்த ஒரே வீட்டில்தான் படுத்து வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள். வில்லோபிக்கு ஒரு கண் போய்விட்டது. சண்டை ஓய்ந்தபின் இருவரும் அடுத்தடுத்துக் கிடந்ததை நினைத்தால் எதற்காக இத்தனை என்று தோன்றுகிறது.

கிராமம் சின்னது. பின்னால் மலை, முன்னால் அலையில்லாத பச்சைக் கடல். கரையோரம் டச்சுக்காரர் கோட்டையின் இடிந்த சுவர்கள். 1598-ல் இந்தப் பக்கம் வந்து இறங்கியவர்கள் அவர்கள். 1638-ல் குடியேறி, 1710-ல் கட்டுப்படியாகாமல் விட்டுப் போனார்கள். நம் நாகப்பட்டினத்தை 1658 முதல் 1781 வரை வைத்திருந்த அதே டச்சுக் கம்பெனிதான். அந்தக் கற்களைத் தொட்டபோது அயலூர் என்று தோன்றவில்லை.

அங்கே ஒரு மரநிழலில் உட்கார்ந்தோம். நான் தஞ்சாவூர்ப் பக்கம் என்று சொன்னதும் கார்க்காரர் தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அவருடைய முன்னோர் ஒருவர் வந்திறங்கியபோது எழுதிய பதிவேட்டின் நகல். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இந்தப் பழைய பதிவுகளைக் காக்கிறார்கள்.

1835-ல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. அதற்கு முந்தின ஆண்டிலிருந்தே கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களை ஏற்றிப் போனார்கள். மொத்தம் நாலரை லட்சம் இந்தியர்கள் போனதாகக் கணக்கு. எங்கள் காரைக்கால் துறையிலிருந்து ரெயூனியனுக்கும் மர்த்தினிக்குக்கும் கப்பல் போனது. மொரீஷியஸ் போன தமிழர் பெரும்பாலும் சென்னையில் ஏறினார்கள்.

பதிவேட்டில் ஓர் எண், பெயர், வயது, உயரம், ஜில்லா தஞ்சாவூர். ஊர் இருக்க வேண்டிய இடத்தில் "கூட்டூர்" என்பது போல ஆங்கிலத்தில் ஏதோ எழுத்துகள். கார்க்காரரின் குடும்பப் பெயர் 'அயாகனு'. அது நம் அய்யாக்கண்ணு என்று நான் சொன்னதும், நாலைந்து முறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். தமிழ் தெரியாது அவருக்கு. ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பாராம். அந்த நாட்டில் அன்று அரசு விடுமுறை.

"இது எந்த ஊர், முசே?" என்று கேட்டார்.

கூத்தூரா, கோட்டூரா, காட்டூரா? மூன்றுமே நம் பக்கத்து ஊர்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காதில் விழுந்ததை எவனோ ஒரு குமாஸ்தா அவசரத்தில் எழுதியிருக்கிறான். வரிசையில் அடுத்த ஆள் நின்றிருப்பான்.

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானும் குமாஸ்தாதான். பழைய பிரெஞ்சுப் பதிவில் ஒரு பெயர், கையில் இருக்கும் தாளில் இன்னொரு பெயர் என்று வந்து நின்றவர்களை, "எழுத்து ஒத்துப் போகவில்லை" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! ஒரு வயதான அம்மாள் மூன்று முறை வந்து, நாலாம் முறை வரவேயில்லை. சட்டப்படி நான் செய்தது சரி. அந்த மரத்தடியில் அது சரியாகப் படவில்லை.

ஒரு தாளில் மூன்று ஊர்ப் பெயரையும் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதி, திருச்சியில் இறங்கி எப்படிப் போக வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தேன். வாடகைக்கு நான் நீட்டிய மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருந்தது. அதையும் என்னைப் படித்துக் காட்டச் சொன்னார்.

இந்த மூன்று ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "மோரீசுக்குக் கப்பலேறினவர், திரும்பவில்லை" என்று எந்தக் குடும்பத்திலாவது பேச்சு உண்டா? இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். அவருடைய விலாசம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. எழுத்துப் பிழை இல்லாமல் வாங்கி வந்திருக்கிறேன்.